முறிகண்டிக் கச்சானும் உலகப் படமும்

கேள்வி: ரீச்சர், ஒட்டுசுட்டான் பக்கம் நான்காம் தரம் படிப்பிக்கிறேன். சுற்றாடல் பாடத்தில் வேறு நாட்டு மக்களைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அடுத்த நாள் மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் நல்ல உலகப் படமும் இல்லை. எங்கே தொடங்குவது?
— ஓர் இளம் ஆசிரியை

பதில்: தங்கச்சி, படத்தை மூடி வையுங்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் வாங்குகிற கச்சானில், அதுதான் நிலக்கடலையில், ஒரு பொட்டலம் வாங்கிவந்து, ஆளுக்கு ஐந்து கொடுங்கள். நான் அப்படித்தான் தொடங்குவேன்.

உடைத்துத் தின்னும்போதே கேளுங்கள், இது எந்த ஊர்ப் பயிர் என்று. "எங்கட ஊர்" என்பார்கள். இல்லை, இதன் தாய்நிலம் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் சிப்பான் என்ற இடத்தில் 1987இல் ஒரு பழைய அரசனின் புதைகுழி கிடைத்தது. அவன் கழுத்தில் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த கச்சான் மாலை! இதைச் சொன்னதும் என் வகுப்பில் ஒரு பெடியன் கையிலிருந்த கோதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பார்வை வந்தால் போதும், பாடம் தானாக நடக்கும்.

பிறகு முற்றத்து மணலில் தடியால் உலகத்தைக் கீறுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. பெருவில் ஒரு கச்சான் வையுங்கள். போர்த்துக்கேயரின் கப்பல்கள் அதை ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுபோன கதையைச் சொல்லி, செனகலில் ஒன்று. நாங்கள் இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவதுபோல அவர்கள் கச்சானை அரைத்து விட்டுச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். சீனாவில் ஒன்று. அங்கே அதற்கு 'நீண்ட ஆயுள் காய்' என்று ஒரு பெயர். கலியாணத்தன்று மணமக்களின் கட்டிலில் கச்சானும் போடுவார்கள். கடைசியாக முறிகண்டியில் ஒன்று.

சிரிப்பு வரும்தான். அதை அதட்டி அடக்காதீர்கள். ஒருமுறை "சீ, கச்சானில கறியோ" என்று ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்தாள். கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒடியற் கூழுக்கு மூக்கைப் பொத்தினாள் என்று அவளே முந்தின வாரம் அழுதிருந்தாள். அதை மெல்ல ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவைக்கு அது ருசியாத்தான் இருக்கும், என்ன ரீச்சர்" என்றாள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். கொப்பியில் நாட்டின் பெயரையும் கண்டத்தையும் எழுதவையுங்கள், சரி.

இன்னொன்று. நேர வித்தியாசம் படிப்பிக்கும்போது "ஆருக்கு வெளிநாட்டில சொந்தம் இருக்கு, கையைத் தூக்குங்கோ" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இங்கேயும் அங்கேயும் ஒருவரும் மிஞ்சாத வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு தோடம்பழமும் ரோச் லைற்றும் போதும். எங்கள் மணி காலை ஏழரைக்கு அடிக்கும்போது சுவிஸில் விடியவில்லை, ரொறன்ரோவில் இன்னும் நேற்றைய இரவு. பழத்தைச் சுற்றிக் காட்டினால் புரியும். அடுத்த முறை ரோச் லைற்றை அந்த இரண்டு பேரிடமும் கொடுத்துச் சூரியனாக நிற்கச் சொன்னேன்.