“டீசல் மட்டும் போட்டுக்கொள்கிறோம்”: 2022-ல் மதுரையிலிருந்து ஒரு கார் ஓட்டுநர் எழுதிய கடிதம்

கேள்வி: ஐயா, மதுரையில் சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். வயது 41. 2019 ஆகஸ்டில் 7 லட்சம் ரூபாய் கடனில் எடுத்த வண்டி. மாதம் 15,571 ரூபாய் டியூ. கொரோனா நேரத்தில் ஆறு தவணைகளைத் தள்ளிவைத்ததால் இன்னும் 38 தவணைகள் பாக்கி. மாதம் 4,500 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கிடைக்கிறது. வாடகை கிலோமீட்டருக்கு 13 ரூபாய், பேட்டா (ஓட்டுநர் படி) நாளுக்கு 400. டீசல் விலை ஏறியதிலிருந்து கையில் எதுவும் நிற்கவில்லை. டீசலைக் கிரெடிட் கார்டில் போட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதில் 62,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. இதற்கிடையில் சொந்தக்காரர்களைக் கோயில், விசேஷம் என்று அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. கொரோனாவுக்காக மூடியிருந்த கோயில்கள் திறந்த 2021 ஜூலையிலிருந்து இது நடக்கிறது. போன மாதம் மட்டும் நான்கு முறை, அதில் இரண்டு நாள் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். டீசல் மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்பார்கள்; திருச்செந்தூருக்கு 1,500 ரூபாய்க்குப் போட்டார்கள். வண்டி எடுக்கும்போது முன்பணத்துக்கு 1 லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் கொடுத்தவர் என் பெரியப்பா, அதனால் மறுக்க வாய் வரவில்லை. வைகாசியில் அவருடைய பேத்திக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியை விற்றுவிட்டு சிஎன்ஜி (இயற்கை எரிவாயு) கார் அல்லது மின்சாரக் கார் எடுக்கலாமா? டீசலுக்கு கேஷ்பேக் தரும் புதிய கார்டு ஒன்றை ஒரு ஏஜெண்ட் வாங்கச் சொல்கிறார், அதை வாங்கலாமா?

பதில்: டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், நிற்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும் என்றெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் டீசல் விலையைப் பற்றிய வரிகளைவிட, சொந்தக்காரர்கள் டீசல் மட்டும் போட்டுக்கொள்வதைப் பற்றிய ஒரே வரிதான் என்னை நிறுத்தியது. பணம் அங்கேதான் போகிறது.

முதலில் விலை உயர்வால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் செலவு என்று பார்த்துவிடுவோம். 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை 137 நாட்கள் அசையாமல் இருந்த விலை, அதற்குப் பிறகு 16 நாட்களில் 14 முறை ஏறியது. சென்னையில் 91.43 ரூபாயாக இருந்த டீசல் ஏப்ரல் 6 அன்று 100.94 ரூபாயானது, மதுரையில் சில பைசாக்கள் முன்பின் இருக்கலாம். லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய் உயர்வு. நீங்கள் ஓட்டும் 4,500 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 265 லிட்டர் டீசல் ஆகும் என்பதால், மாதத்துக்கு 2,500 ரூபாய் கூடுதல். இது சிறிய தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 62,000 ரூபாய் கார்டு பாக்கி ஒரே மாத விலை உயர்வில் வந்திருக்க முடியாது. அது விலை அசையாமல் இருந்த அந்த 137 நாட்களிலேயே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. விலை ஏறியதும் அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் திருச்செந்தூர்ப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். போகவர, உள்ளூரில் சுற்றியதையும் சேர்த்து 380 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். டீசல் மட்டுமே கிலோமீட்டருக்கு 6 ரூபாய். டயர் தேய்மானம் 50 பைசா. ஆயில், பிரேக், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து 1 ரூபாய். ஓட ஓட வண்டியின் மதிப்பு குறைவது 2 ரூபாய். இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட் செலவுகள் வண்டி ஓடினாலும் நின்றாலும் உண்டு என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. கிலோமீட்டருக்கு ஒன்பதரை ரூபாய் என்றால் 380 கிலோமீட்டருக்கு 3,610 ரூபாய். உங்கள் உறவினர்கள் போட்ட டீசல் 1,500 ரூபாய்க்கு. அன்றைய ஓட்டத்துக்கு டீசலே 2,200 ரூபாய்க்குமேல் தேவை என்பதைக் கவனியுங்கள். “டீசல் மட்டும்” என்ற வாக்குறுதிகூட முழுமையாக நிறைவேறவில்லை. டோல்கேட் பணம் ஃபாஸ்டேகிலிருந்து தானாகக் கழிந்துவிடுவதால் அப்படி ஒரு செலவு இருப்பதே வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதை விட்டுவிட்டாலும், ஒரு பயணத்தில் உங்களுக்கு நஷ்டம் 2,110 ரூபாய்.

மாதத்துக்கு நான்கு பயணம் என்றால் 8,440 ரூபாய். அவற்றில் இரண்டு நாட்கள் கையில் வந்த வாடகையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதே 380 கிலோமீட்டரை வாடகைக்கு ஓட்டியிருந்தால் பேட்டாவோடு 5,340 ரூபாய் வந்திருக்கும்; செலவு போக ஒரு நாளைக்கு 1,730, இரண்டு நாளைக்கு 3,460. ஆக மொத்தம் மாதத்துக்கு 11,900 ரூபாய். டீசல் விலை உயர்வால் உங்களுக்கு ஏற்பட்ட சுமையைப்போல் இது நாலரை மடங்குக்கு மேல். அந்த விலை உயர்விலேயே மூன்றில் ஒரு பங்கு, உறவினர்களுக்காக ஓடிய கிலோமீட்டர்களுக்குத்தான் போயிருக்கிறது.

இதை எழுதும்போது உங்கள் பெரியப்பாவைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி கேட்ட முன்பணத்துக்கு வழி தெரியாமல் நின்றபோது எழுதி வாங்காமல் 1 லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்தவர் அவர். அந்த நன்றியை நீங்கள் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நன்றியை எந்த வழியில் செலுத்துகிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2021 ஜூலை முதல் பத்து மாதங்களில், கொரோனா கட்டுப்பாட்டால் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் கோயில்கள் மூடியிருந்த வாரங்களைக் கழித்து, மாதத்துக்குச் சராசரியாக மூன்று பயணம் என்று வைத்தால் முப்பது பயணங்கள். முன்பு சில மாதங்கள் டீசல் விலை குறைவாக இருந்ததால் பயணத்துக்கு 1,900 ரூபாய் நஷ்டம் என்றே கணக்கிடுகிறேன். 57,000 ரூபாய் ஆகிறது. 1 லட்சம் ரூபாய்க் கடனுக்குப் பத்து மாதத்தில் 57,000 என்றால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 68. நீங்கள் பயப்படும் கிரெடிட் கார்டில்கூட மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42தான். இத்தனைக்கும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பெரியப்பா இந்த வட்டியைக் கேட்கவும் இல்லை, இவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. டீசல் போட்டுவிட்டோம், பையனுக்குக் கைநஷ்டம் இல்லை என்றுதான் அவரும் மற்றவர்களும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அந்த 1 லட்சத்தை உறவுக்கடன் என்ற நிலையிலிருந்து பணக்கடன் என்ற நிலைக்குக் கொண்டுவருவது. மனைவியையும் அழைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நேரில் போங்கள். இதைத் தொலைபேசியில் பேச வேண்டாம். “பெரியப்பா, நீங்க கொடுத்த பணத்தை இனிமே மாசம் 4,000 ரூபாயாத் திருப்பிக் கொடுத்துடுறேன்” என்று முதல் தவணையைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் மறுக்கக்கூடும். அப்படியானால் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். 25 மாதங்களில் முடிந்துவிடும், வண்டியின் டியூ முடிவதற்கு ஓராண்டு முன்பாகவே.

அதே சந்திப்பில், உறவினர் பயணங்களுக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாயும் டோல்கேட் கட்டணமும் என்று சொல்லிவிடுங்கள். இதில் உங்களுக்கு லாபம் இல்லை, பேட்டாவும் வாங்கவில்லை. ஒரு முழு நாள் உழைப்பை உறவுக்காகக் கொடுக்கிறீர்கள், அது சிறிய விஷயமல்ல. ஒன்பதரை ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொண்டால், வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் நேரத்தில் அந்தத் தாளை நீட்டலாம். வாடகை வந்த நாளில் வாடகைக்கே முதலிடம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சாவு, ஆஸ்பத்திரி என்றால் யாரிடமும் ஒரு பைசா வாங்காதீர்கள். அந்தக் கணக்கு வேறு.

சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு சித்தப்பாவோ மச்சானோ “நம்ம பயகிட்டயே மீட்டர் ஓடுது பாரு” என்று பத்துப்பேர் முன்னால் சொல்லவும் கூடும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்வது சுலபமில்லை என்பதை அறிவேன். ஆனால் டியூ மூன்று மாதம் நின்றுபோய் வண்டியைக் கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டுபோனால், அன்றைக்கு அதே பத்துப்பேர் முன்னால் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

கார்டு பாக்கிக்கு வருவோம். 62,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,170, அதன்மேல் ஜிஎஸ்டி 390. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் 3,100 ரூபாய். அதில் அசலுக்குப் போவது 540 ரூபாய்தான். பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாகப் போடும் டீசலுக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத நாட்கள் எதுவும் உங்களுக்குக் கிடையாது. பங்க்கில் ஒரு சதவீத சர்சார்ஜ் தள்ளுபடியும் கேஷ்பேக்கும் காட்டி ஏஜெண்ட் விற்கும் அடுத்த கார்டு, இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு இரண்டாவது பாக்கியைத் தவிர வேறு எதையும் தராது. அவரை இனி வீட்டுக்கு வரவிடாதீர்கள். வீட்டில் நகை இருந்தால் இந்தத் தொகைக்குத் தேவையான அளவைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, கார்டை ஒரே நாளில் முழுதாக அடைத்துவிட்டு, கார்டை முடக்கச் சொல்லிவிடுங்கள். கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன்வரை நகைக்கடன் தள்ளுபடியானது 2021 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களுக்கு. மறுபடியும் தள்ளுபடி வரும் என்று எண்ணி வைக்கிற நகை ஏலத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். வட்டியும் அசலுமாக மாதம் 5,000 கட்டினால் 14 மாதத்துக்குள் மீட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மேலே சொன்ன 11,900 ரூபாயில் வண்டியின் மதிப்பு குறைவதற்காகக் கணக்கிட்ட 3,000 ரூபாய் கைக்கு வராது. மீதி 8,900 வரும். கார்டுக்குக் கட்டிவந்த 3,100 ரூபாயும் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 12,000: நகைக்கு 5,000, பெரியப்பாவுக்கு 4,000, டயருக்கும் எஃப்சிக்கும் தனியாக 3,000.

வெளி வாடிக்கையாளர்களிடம் வாடகையை ஏற்றுவதில் தயக்கம் வேண்டாம். டீசல் உயர்வு உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 56 பைசாதான். 13 ரூபாயைப் பதின்மூன்றரையாக்கினாலே அதில் பெரும்பகுதி வந்துவிடும். விலை ஏறியது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இந்த மாதத்தில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வண்டி மாற்றும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள். பெட்ரோல் வண்டியில்போல டீசல் இன்ஜினில் சுலபமாக சிஎன்ஜி கிட் போட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆக விற்றுத்தான் வாங்க வேண்டும். கடன் பாக்கியே ஏறக்குறைய 5 லட்சம் இருக்கும்போது, மஞ்சள் போர்டு வண்டியை விற்று வரும் பணம் அதை அடைக்கவே போதுமா என்பது சந்தேகம். சிஎன்ஜி மலிவு என்ற பேச்சையும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்: உள்நாட்டு இயற்கை எரிவாயுவின் விலையை அரசு 2022 ஏப்ரல் 1 அன்று ஒரு எம்எம்பிடியுவுக்கு (எரிவாயுவை அளக்கும் அலகு) 2.90 டாலரிலிருந்து 6.10 டாலராக இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியது, அது பங்க்கில் வந்து சேராமல் இருக்காது. இராமேஸ்வரம், திருச்செந்தூர், கொடைக்கானல் என்று ஓடும் உங்கள் வழித்தடங்களில் எத்தனை இடத்தில் அந்த எரிவாயு நிரப்பலாம், எத்தனை இடத்தில் மின்சாரக் காரை சார்ஜ் போடலாம் என்று ஒரு மாதம் நீங்களே எண்ணிப்பாருங்கள். இப்போதைய ஓட்டைக்கு மேல் புதுக்கடனை ஊற்றினால் அதுவும் அதே வழியில் ஒழுகிவிடும்.

வைகாசிக் காதுகுத்து மட்டும்தான் பாக்கி. அந்தக் குழந்தைக்கு நீங்களும் செய்முறை செய்ய வேண்டியவர். அன்றைய ஓட்டத்தையே உங்கள் செய்முறையாக வைத்துக்கொள்ளுங்கள், பணம் கேட்க வேண்டாம். ஆனால் 3,610 ரூபாயை உங்கள் நோட்டில் அந்தத் தேதியில் செய்முறைச் செலவு என்று எழுதி, மொய்க்கவரில் தனியாக எதுவும் வைக்காதீர்கள். பெரியப்பாவைப் பார்க்கப் போவதை மட்டும் காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வாருங்கள்.