டாஸ் விளையாட்டில் சத்தம் வெட்டுகிறதா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

செந்தூல் தம்பி: அண்ணே, விண்டோஸுக்கு முந்திய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் 0.74இல் பழைய கார் பந்தயம் ஓட்டுகிறேன். சத்தம் வெட்டி வெட்டி வருகிறது. சத்தத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபரைக் கூட்டியும் பலனில்லை.

பதில்: தம்பி, எல்லாரும் பஃபரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சைக்கிள்ஸ். ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளைகளை டாஸ்பாக்ஸ் ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்த எண். குறைவாக இருந்தால் விளையாட்டால் சத்தத்தை நேரத்துக்குத் தயாரிக்க முடியாது. படமும் சேர்ந்து இழுக்கும். அளவுக்கு மீறினால் உங்கள் கணினியே திணறும், சத்தம் பொரியும். விளையாடும்போதே கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். மேலே தலைப்புப் பட்டையில் எண் தெரியும். 66 மெகாஹெர்ட்ஸ் 486 சிபியு (கணினியின் மூளை) காலத்து விளையாட்டுக்குச் சுமார் 25000 போதும். வெட்டு நின்ற எண்ணை டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் நிலையாக எழுதிவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் அதே கோப்பின் மிக்சர் பகுதியில் பஃபரைக் கூட்டுங்கள்: பிளாக்சைஸை 2048, பிரீபஃபரை 80 ஆக்குங்கள். விநாடிக்கு 44100 சாம்பிள் (சத்தத் துணுக்கு) என்ற ரேட்டில் 2048 சாம்பிள் என்பது சுமார் 46 மில்லி விநாடி தாமதம். அதற்கு மேல் போனால் பிரேக் பிடித்த பிறகுதான் கீச்சென்ற சத்தம் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தயவுசெய்து.

கிள்ளான் வாசகி: இசை அருமையாக வருகிறது. பேச்சு மட்டும் முதல் சொல்லிலேயே சிக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

பதில்: தங்கச்சி, இது வேறு நோய். ஆட்லிப் என்னும் பழைய சவுண்ட் கார்டு வகை இசைக்கு ஐஆர்கியூ என்னும் அழைப்பு வழி தேவையில்லை; பேச்சுக்குத் தேவை. ஒரு துண்டு ஒலித்து முடிந்ததும் அடுத்ததைக் கேட்க, கார்டு அந்த வழியாகத்தான் சிபியுவை அழைக்கும். டாஸ்பாக்ஸில் அதன் எண் 7. பல விளையாட்டுகளோடு வரும் செட்டப் நிரல் 5 என்று நினைத்துக்கொள்ளும். செட்டப்பைத் திறந்து முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ (சத்தத் தரவு செல்லும் வழி) 1 என்று கொடுங்கள்.

கெப்போங் வாசகர்: சைக்கிள்ஸை மேக்ஸ் (முடிந்த மட்டும் வேகம்) என்று போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: வேண்டாம். பொரிச்சலுக்குப் பாதிக் காரணமே அதுதான்.

பூச்சோங் தம்பி: அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் வெட்டுகிறது. புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடையில் புது சவுண்ட் கார்டு வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். சத்தத்தை உருவாக்குவது சிபியு. கார்டு அதை ஒலிக்க மட்டும் செய்கிறது. நம் ஊர் மதிய வெப்பத்தில் லேப்டாப் சூடேறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசு தட்டுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள், சைக்கிள்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா: வெட்டு கிடக்கட்டும். ஆட்லிப் இசைதான் அசல். எம்டி-32 என்னும் வெளி இசைப் பெட்டியைப் போடுகிறவர்கள் விளையாட்டின் குணத்தையே கெடுக்கிறார்கள்.

பதில்: ஐயா, இதில் உங்களோடு மோதித்தான் ஆக வேண்டும். ஆட்லிப் கார்டு, ரோலண்ட் எம்டி-32 இரண்டும் 1987இல் வந்தவை. 1988இல் சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் 4 எம்டி-32ஐ மனத்தில் வைத்தே இசையமைக்கப்பட்டது. அங்கே ஆட்லிப்தான் சுருக்கப் பதிப்பு. ஒன்பது குரல்கள் மட்டுமே உள்ள ஆட்லிப்பின் ஒய்எம்3812 சிப்பில் அந்த வாத்தியக் கூட்டம் அடங்காது.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா: வீட்டில் எம்டி-32 வைத்திருந்தவர் யார்? நாங்கள் கேட்டு வளர்ந்தது ஆட்லிப்.

பதில்: அது நியாயமான பேச்சு. கேட்டு வளர்ந்ததை நீங்கள் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் 'அசல்' என்பதை விளையாட்டுக்கு விளையாட்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆட்லிப்புக்கென்றே எழுதிய இசையை எம்டி-32இல் ஓட்டினால் நானும் உங்கள் பக்கம்தான். ஆட்லிப்பைச் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் மிக்சர் ரேட், ஓபிஎல் (ஆட்லிப் சிப்) ரேட் இரண்டையும் 49716 ஆக்கிப் பாருங்கள். அந்த சிப்பின் சொந்த வேகம் அது.

செராஸ் வாசகர்: எனக்கும் சத்தம் வெட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

அம்பாங் வாசகர்: அண்ணே, பஃபரை எவ்வளவு கூட்டலாம்?

பதில்: முதலில் சைக்கிள்ஸ்! எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு, படமும் இழுக்கிறதா என்று எழுதுங்கள். அப்போதுதான் பதில் சொல்ல முடியும்.

காஜாங் வாசகி: புளூடூத் ஹெட்போனில் எல்லாச் சத்தமும் தாமதமாக வருகிறது.

பதில்: ஒயர் ஹெட்போன் போடுங்கள். புளூடூத்தின் தாமதத்தை டாஸ்பாக்ஸ் அமைப்பால் நீக்க முடியாது.