கொரோனாவுக்கு ஒரே வருடத்தில் தடுப்பூசி வந்ததே, உண்ணி கடித்து வரும் வைரஸ் காய்ச்சலுக்கு மட்டும் ஏன் இழுக்கிறது?

முதலில் ஒன்று. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்பது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அது பாக்டீரியா, மாத்திரைக்குக் கட்டுப்படும். நீங்கள் கேட்பது வைரஸ் என்பதால் உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சலை வைத்துச் சொல்கிறேன். கர்நாடகாவில் ஷிமோகா மாவட்டம் சாகரத்தில் வேலை நிமித்தமாக 2016 முதல் மூன்று வருடம் இருந்தேன்.

அங்கே 'மங்கன காயிலெ' என்பார்கள். 1957-இல் சொரப தாலுகா கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது வெளியே வந்த நோய். இதற்குத் தடுப்பூசி இல்லாமல் இல்லை. கோழிக்கரு செல்களில் வைரஸை வளர்த்து, பார்மலினில் கொன்று தயாரித்ததை 1990 முதல் போட்டார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆறேழு மாதம் கழித்து பூஸ்டர், அப்புறமும் வருடத்துக்கு ஒன்று. இரண்டு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு சுமார் 62 சதவீதம்தான், பூஸ்டரும் போட்டால் 83.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய பாக்குத் தோட்டத்துக்குச் சருகு அள்ளிப் போடும் அம்மா ஒருவர் தோளைத் தடவிக் காட்டி, "ஊசி போட்டா ரெண்டு நாள் கை எழும்பாது, கூலி யார் குடுப்பா?" என்றார். இரண்டாவது ஊசிக்கு அவர் போகவில்லை. சுகாதாரத் துறை கொடுத்த உண்ணி விரட்டும் எண்ணெயைக் கை காலில் பூசிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். விழிப்புணர்வு இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர் கணக்கு சரியாகத்தான் பட்டது. கடைசியில் ஊசிக்கே வீரியம் போதவில்லை என்று 2022 வாக்கில் நிறுத்திவிட்டார்கள்.

புதிது வராமல் இல்லை. எபோலா தடுப்பூசியின் அதே முறையில், தீங்கற்ற வேறொரு வைரஸின் மேல் இந்த வைரஸின் புரதத்தை ஏற்றி அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் ஒன்றைச் செய்தார்கள். ஒரே டோஸ், குரங்குகளைக் காப்பாற்றியது. இங்கே மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரும், தடுப்பூசி நிறுவனமான இந்தியன் இம்யூனாலஜிகல்ஸும் சேர்ந்து இன்னொன்றில் இறங்கியிருக்கின்றன. உயிருள்ள வைரஸைத் தொட நாலாம் நிலை, அதாவது உச்சபட்சப் பாதுகாப்பு உள்ள ஆய்வகம் வேண்டும் என்பது ஒரு தடை.

பெரிய சிக்கல் சோதனையில்தான். கொரோனாவில் தெருவுக்குத் தெரு நோயாளிகள்; ஊசி பலிக்கிறதா என்று சில மாதத்தில் தெரிந்துவிட்டது. இங்கே வருடத்துக்கு 400, 500 பேர். அதுவும் இடம் மாறி மாறி. 2019 வாக்கில் சாகர தாலுகாவின் அரலகோடு பக்கம் பல பேர் இறந்தார்கள், அதற்கு முன்பு அந்த ஊரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எந்த ஊரில் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது?