மண்ணுக்குள் இருக்கும் டீசல் தொட்டியை மாற்றுதல்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

மாநகராட்சி வாகனப் பணிமனைகளில் பழைய நிலத்தடி டீசல் தொட்டிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பதிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

பண்டகக் காப்பாளர், தண்டையார்பேட்டை: தொட்டிக்குள் இறக்கி எண்ணெய் மட்டத்தை அளக்கும் டிப் ராடு காட்டும் அளவு பதிவேட்டோடு ஒத்துப்போவதில்லை. தொட்டி ஒழுகுகிறது என்று கொள்ளலாமா, ஐயா?

ஒரு நாள் கணக்கை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. ஒரு டிகிரி வெப்பம் குறைந்தாலே 10,000 லிட்டர் டீசல் ஏறத்தாழ 8 லிட்டர் சுருங்கும் என்பதால், வெயிலில் வந்த டேங்கரின் சரக்கு மண்ணுக்குள் குளிர்ந்ததும் குறைந்தே காட்டும். குறைவு வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் ஐயப்பட வேண்டும். ஆனால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் நம் பகுதியில், ஓட்டை வழியாக டீசல் வெளியேறுவதற்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே புகுவதும் உண்டு. ஆகவே டிப் ராடின் நுனியில் நீர் காட்டும் பசையைத் தடவிப் பாருங்கள். மூடிவழி மழைநீர் இறங்கவில்லை என்று உறுதியான பிறகும் பசை நிறம் மாறினால், தொட்டியின் ஆயுள் முடிந்தது என்றே எண்ணலாம்.

தளமேற்பார்வையாளர், மணலி: டீசலை முழுதும் இறைத்தபின் குழியிலேயே கியாஸ் கட்டரால் வெட்டலாமா?

கூடாது. கட்டரின் சூட்டில் அடிக்கசடு ஆவியாகிக் காற்றோடு கலக்குமாதலால், நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே அபாயமானது. கசடை அள்ளி, ஆவியை அகற்றி, தொட்டியின் மேற்பகுதியிலும் நடுவிலும் அடியிலும் எஞ்சிய ஆவியைக் கருவியால் அளந்து, தகுதியுள்ளவர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே நெருப்பு அருகில் வரலாம். “டீசல்தானே” என்று சொல்லும் வெல்டரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அள்ளிய கசடு அபாயகரக் கழிவு. அதைக் கால்வாயில் விடுவது குற்றம்.

உதவிப் பொறியாளர், திருவொற்றியூர்: ஐப்பசியில் தொட்டியைப் பதித்துவிட்டு, மழை ஓய்ந்தபின் டீசல் நிரப்பலாமா?

தொட்டி மிதந்து மேலே வந்துவிடும். 20,000 லிட்டர் தொட்டி முழுதும் நீரில் அமிழ்ந்தால் 20 டன் விசை அதை மேலே தள்ளும். இரும்பின் எடையோ இரண்டு, மூன்று டன்தான். மேலே கொட்டிய மண் காப்பாற்றும் என்று நம்புவதற்கும் இல்லை, ஏனெனில் நீரில் மூழ்கிய மண்ணின் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. நீர்மட்டம் தரையைத் தொடும் என்று வைத்தே கணக்கிட்டு, கான்கிரீட் அடித்தளத்தில் பட்டைகளால் தொட்டியைக் கட்டுங்கள். இயன்றால் வேலையைத் தை பிறந்தபின் தொடங்குங்கள். 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்படி, உரிமம் பெற்ற இடத்தில் மாற்றம் செய்யுமுன், மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அந்த இடைவெளி வீணாகாது.

குடியிருப்பவர், கொருக்குப்பேட்டை: பக்கத்துப் பணிமனையில் தோண்டுகிறார்கள். எங்கள் போர்த் தண்ணீரில் டீசல் வாடை வருகிறது.

அத்தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், அம்மா. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகள் வரை எண்ணெய் வந்தது நினைவிருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இப்போதே எழுத்தில் புகார் கொடுத்து, குழி திறந்திருக்கும்போதே மண்ணையும் நீரையும் சோதிக்கக் கேளுங்கள். மூடிய பின் யாரும் மறுபடி தோண்டமாட்டார்கள்.

அதே பொறியாளர்: பழைய குழாய்களையே பொருத்தலாமா?

வேண்டாம். கசிவு பெரும்பாலும் இணைப்புகளில்தான் தொடங்குகிறது.