செங்குத்து வேறு, கரடு வேறு

மதிப்பிற்குரிய ஐயா,

ஏற்காட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். மலைச்சாலையில் தென்படும் பாறைகளைச் சொல்ல ‘செங்குத்தான’, ‘கரடுமுரடான’ என்ற இரண்டைத் தாண்டி எனக்குச் சொல் அகப்படவில்லை. சேர்வராயன் கோயில் உள்ள உச்சியைக் ‘கொடுமுடி’ என்று எழுதலாமா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுமுடி வேண்டாம். அது கூர்ந்து நிமிர்ந்த சிகரத்துக்கு உரிய சொல். சேர்வராயன் கோயில் உச்சியோ திருவிழாக் கூட்டம் கூடி நிற்கும் அளவுக்குத் தட்டையானது. இந்த மலை ஒரு மேட்டுநிலம்; அதன் செங்குத்தெல்லாம் விளிம்பில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து ஏறுவது அதனால்தான்.

நீங்கள் சேர்த்தே சொல்லும் செங்குத்தும் கரடுமுரடும் இருவேறு பண்புகள். நாமக்கல் கோட்டைப் பாறை செங்குத்தானது, ஆனால் கரடுமுரடானது அன்று. ஒரே கல்லாகத் திரண்டு வழவழப்பாக நிற்கிறது. சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகள் என்னும் கல்குன்றுகளுக்கு அந்த நிமிர்வு கிடையாது. உடைந்த கல்லும் முட்புதருமாகக் காலை வைக்க இடம் தராதவை அவை. ‘கரடு’ நம் வட்டார மக்கள் அன்றாடம் புழங்கும் அருமையான சொல். இந்த மலையில் 1,600 மீட்டரைத் தாண்டி உயர்ந்த சோலைக்கரடு என்னும் சிகரமும் அதையே தன் பெயரில் தாங்கியிருக்கிறது.

அடுத்த முறை போகும்போது சாலைக்காக வெட்டிய பாறையின் முகத்தைக் கிட்டே நின்று பாருங்கள். புதிதாக உடைந்த இடத்தில் கரும்பச்சையாக எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். வெயிலும் மழையும் பட்ட பக்கம் பழுப்பேறியிருக்கும். இது சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் உள்ள கல்லறையின் கல்லை ஆராய்ந்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள இந்தப் பாறையின் விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளையும் விளிம்புகளையும் முதலில் அரித்துவிடுவதால், நடுக்கல் உருண்டு திரண்டு எஞ்சுகிறது. சங்கப் பாடல்கள் ‘துறுகல்’ என்பது இத்தகைய கல்லைத்தான். பாறை பிளந்த வெடிப்பு ‘விடர்’, குகை ‘முழை’. சேர்வராயன் குடிகொண்டிருப்பதே ஒரு முழையில்தான்.

பழஞ்சொற்களை அள்ளித் தெளிப்பது எனக்கு உவப்பானதன்று. துறுகல்லையும் விடரையும் பொருள் தானே விளங்கும் இடத்தில் ஒருமுறை எழுதினால் போதும். நீர் கசிந்து பாசி படர்ந்த சரிவை ‘வழுக்குப்பாறை’ என்றே எழுதுங்கள். அதற்கு விளக்கமே தேவைப்படாது.