நண்டு பிஸ்கட்

அன்புள்ள அக்கா,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 7 வயதில் ஒரு மகன், 4 வயதில் ஒரு மகள். லீவு விட்டு மூன்று வாரம் ஆகிறது. போனைக் கையில் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து, கைவினைப் பெட்டிகள் நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. சரி என்று பிஸ்கட் செய்ய உட்கார்ந்தோம். குக்கரில்தான் சுட்டோம். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கலாமா? எத்தனை லிட்டர் போதும்? மைதாவுக்குப் பதில் சிறுதானிய மாவு போடலாமா? சின்னப் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்யக்கூடிய சுலபமான வேலைகள் சிலவற்றைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பையன் ஒரு பிஸ்கட்டை நண்டு என்று சொல்லிக் கோணல்மாணலாகச் செய்து வைத்திருந்தான். வேகும்போது உடைந்துவிடும் என்று நான் அதை உருட்டி, மற்றவை போல வட்டமாகத் தட்டி வைத்தேன். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடவும் நன்றாக இருக்குமே என்று. அரை மணி நேரம் அழுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான். எப்படி மாற்றுவது?

வாசகி, ஓசூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. பத்து நாளாக ஒரே வாக்கியத்தை மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகள் சொன்னது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஓடிஜி வாங்கினால் வாங்குங்கள். எத்தனை லிட்டர் என்பதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். சிறுதானியம் போடலாம், போடாமலும் இருக்கலாம். மாதத்தில் இரண்டு நாள் செய்கிற பிஸ்கட்டில் ஆரோக்கியத்தைத் தேட வேண்டியதில்லை, அதைச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கைவினைப் பெட்டி பத்து நிமிடத்தில் சலித்தது என்றால் பிள்ளைகள் சரியாக இருக்கிறார்கள். எல்லாவற்றையும் யாரோ வெட்டி, துளை போட்டு, நிறம் தீர்மானித்து, முடிந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று மூடியிலேயே படமும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒட்டுவது மட்டும். அந்த வேலைக்குப் பத்து நிமிடமே அதிகம்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த நண்டு. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அது பிடிவாதம் என்று யார் சொன்னது? ஒரு மனிதன் பொறுமையாக உட்கார்ந்து, மாவைக் கிள்ளி, இது உடம்பு, இது கொடுக்கு, இது கால் என்று எண்ணி ஒட்டியிருக்கிறான். ஏழு வயதில் அப்படி உட்கார்கிற நேரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதை நீங்கள் உள்ளங்கையில் வைத்து ஒரே உருட்டில் அழித்தீர்கள். உங்கள் மாமியார் வந்து நீங்கள் போட்ட கோலத்தை அழித்து நேராகப் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவன் அழுதது நல்லது. அழாத பிள்ளையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். ஏன் என்றால் என் வீட்டில் அழவில்லை.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் ஒரு விலங்கு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், உப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு கப் மைதா, ஒரு கப் பொடியுப்பு, முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் தண்ணீர், சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து கொடுத்தேன். யானை செய்தாள். தும்பிக்கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான்கு காலும் நான்கு தடிமன், அதனால் சுவரில் சாய்ந்து நிற்கிற ஆளைப் போல நின்றது. அவள் தூங்கினபிறகு நான் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தும்பிக்கையை எடுத்துவிட்டு வேறு வைத்தேன். கால்களைச் சமமாக வெட்டினேன். கத்தி முனையால் காதுக்கு மடிப்புகூட வைத்தேன். இரவு பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

காலையில் அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பள்ளியில் மேசை மேல் முன்வரிசையில் வைத்தார்கள். பார்க்க வந்த அவள் தோழி எது உன்னுடையது என்று கேட்டபோது, "அந்தா, எங்க அம்மா யானை" என்று கை காட்டினாள். பக்கத்தில் நின்ற நான் சிரித்தேன். மகள் பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி உப்பு சேர்த்துப் பிசைந்த மாவில் செய்த பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நன்றாகக் காயவில்லை என்றால் மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நெகிழ்ந்துவிடும். எங்கள் ஊர்க் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். ஐப்பசியில் தும்பிக்கை விழுந்தது. அவளே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதற்கப்புறம் பள்ளியில் என்ன செய்யச் சொன்னாலும் என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீயே செஞ்சு குடும்மா" என்பாள். அவளுக்குக் கைவேலையில் ஆர்வமில்லை என்று நான் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல வருஷம் சொன்னேன்.

இப்போது அவளுக்கு 34 வயது. இந்த லீவுக்கு நாலு வயது மகளோடு வந்திருக்கிறாள். பேத்தியும் நானும் நெய் பிஸ்கட் செய்ய உட்கார்ந்தோம். குழந்தை எதையோ நீளமாக உருட்டி வைத்தது. என் கை தன்னாலே போயிருக்கும் போல. சமையலறை வாசலில் நின்ற மகள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்: "அம்மா, அவ செஞ்சத நீ தொடாத."

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த யானை திரும்பி வந்து நின்றது.

நீங்கள் கேட்கலாம், அப்படியே விட்டால் நண்டின் கால் உடைந்திருக்குமே என்று. உடையட்டும். மெல்லிய கால் முதலில் சிவக்கும், அப்புறம் கருகும், எடுக்கும்போது ஒடியும். அதை அடுப்பு அவனுக்குச் சொல்லியிருக்கும். அடுப்பு சொன்னால் எந்தப் பிள்ளையும் அழுது புரளாது. அடுத்த முறை காலைத் தடியாக வைக்கும், அவ்வளவுதான்.

இதை 1907-இல் ரோம் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவர் பயன்படுத்திய சாமான்களில் ஒன்று, குமிழ் வைத்த மர உருளைகள். ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற குழி. மாற்றி வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். பிள்ளையே பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து அடுக்கும். தப்பு என்று சொல்ல அங்கே ஆசிரியர் தேவையில்லை. இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அந்த அம்மா 69 வயதில், 1939-இல், நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், நடுவில் கொடைக்கானலிலும். நாம் அவர் பெயரைப் பள்ளிப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டோம். அவர் ஆசிரியர்களைக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்க்கச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டோம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை. ஒரு பேக்கரி மாஸ்டர். எனக்கு ஆறு வயது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மா வீட்டிலேயே கேக் மாவு கலக்கித் தகர டின்களில் ஊற்றி, எங்கள் தெருமுனை பேக்கரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். அங்கே பெரிய விறகு அடுப்பு. ரொட்டி எல்லாம் சுட்டு எடுத்தபிறகு தணிந்த சூடு நெடுநேரம் நிற்கும், கேக்குக்கு அதுதான் சரி. ஒவ்வொரு டின்னிலும் வீட்டுக்காரர் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். அந்த வருஷம் நான் மைதாவும் சீனியும் நெய்யும் கொஞ்சம் வாங்கிப் பிசைந்து ஒரு தோணி செய்தேன். பவுடர் டப்பா மூடியில் வைத்து நானே கொண்டுபோனேன். அம்மாவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை, அதுவே எனக்கு நல்லதாகப் போயிற்று.

மாஸ்டர் மூடியைக் கையில் வாங்கி, "இது என்ன?" என்றார். தோணி என்றேன். "யார் தோணி?" என் தோணி என்றேன். காதிலிருந்து பென்சிலை எடுத்து என் பெயரைக் கேட்டுச் சீட்டு எழுதினார். பெரியவர்களின் டின்களை உள்ளே தள்ளிவிட்டு, என்னுடையதை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அங்கேதான் சூடு குறைவு. சின்னது சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் முதலில் அதை எடுத்தும் வைத்துவிட்டார். மறுநாள் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது, "பாய்மரம் கருகிட்டு. அடுத்த வருஷம் தடியா வை" என்றார். அவ்வளவுதான். அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னத்தைக் கிள்ளவில்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். அடுத்த வருஷம் தடியாக வைத்தேன்.

அந்த மாஸ்டர் எனக்குக் கொடுத்ததை என் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை. நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன், தங்கச்சி. கோபம் உங்கள் மேல் பாதிதான்.

சரி, நீங்கள் கேட்ட சுலபமான வேலை. கேக் வேண்டாம். தண்ணீரோ பாலோ சேர்ந்த மைதாவை அதிகம் கலக்கினால் பசைப்பிடிப்பு ஏறிக் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும், சின்னப் பிள்ளைகளுக்கோ கலக்கக் கலக்க ஆசை. நெய் பிஸ்கட்டில் அந்தத் தொல்லை இல்லை, அதில் தண்ணீரே கிடையாது. உறைந்த நெய் அரைக் கப், பொடித்த சீனி அரைக் கப், இரண்டையும் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப் மைதா, இரண்டு ஸ்பூன் கடலைமாவு, கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சேர்த்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் நெய். பிள்ளைகளின் உள்ளங்கை சூடு. இருபது தடவை உருட்டுவார்கள், நெய் உருகும், அடுப்பில் நண்டு பரந்து தோசை ஆகிவிடும். அதனால் செய்து முடித்ததைத் தட்டோடு கால் மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல், அடியில் ஒரு இஞ்ச் உப்பு பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு. தண்ணீர் கூடவே கூடாது. பத்து நிமிடம் சூடேற்றிவிட்டுத் தட்டை வைத்துச் சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓவன் என்றால் 165 டிகிரியில் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மெல்லிய காலும் கொடுக்கும் உள்ளதைத் தனித் தட்டில் வைத்து முதலில் எடுங்கள். சூடாக எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். அடுப்புப் பக்கம் உங்கள் கை மட்டும். பச்சை மாவைத் தின்ன விடாதீர்கள். யானை செய்த அந்த உப்பு சேர்த்த மாவில் விளையாடினால் இன்னும் கவனம் வேண்டும், அவ்வளவு உப்பு சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. சின்னவள் பக்கத்திலேயே உட்காருங்கள்.

வீடு குப்பையாகும். பழைய பாயை விரித்து அதன்மேல் உட்காரவைத்து, முடிந்ததும் பாயை வெளியே உதறுங்கள். துடைக்கிற துணியில் ஒன்று அவர்களுக்கும் கொடுங்கள். படம் எடுத்தால் நண்டையும் சேர்த்து எடுங்கள், குடும்பத்தில் யாராவது அது என்ன என்று கேட்டால் பதிலை அவனே சொல்லட்டும்.

அப்புறம், இன்றைக்கே அவனிடம் போய், உன் நண்டை நான் அழித்தது தப்பு என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், உடைந்துவிடும் என்று நினைத்தேன் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். நான் என் மகளிடம் சொல்ல இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. சொன்னபோது அவள், "யானைக்கு தும்பிக்கை நான் வேணும்னுதான் திருப்பி வச்சேன், அது பின்னால பாகனைப் பாக்குது" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த நண்டு எப்படி வந்தது என்று எழுதுங்கள். பையனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா