பழைய வண்டியில் பேட்டரி டெர்மினல் மூடியையும் கேபிளையும் ஏன் மாற்ற வேண்டும்?

பேட்டரியின் ஈய முனையைக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பகுதியே டெர்மினல். அங்கிருந்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் வண்டியின் உடலுக்கும் செல்லும் தடித்த செப்புக் கம்பி பேட்டரி கேபிள். பாசிட்டிவ் முனையின் மீதுள்ள சிவப்பு மூடி, ஸ்பேனரோ பானெட்டோ பட்டுத் தீப்பொறி எழாமல் தடுக்கிறது. ஆகவே விரிசல் விட்ட மூடியை அலங்காரப் பொருளாகக் கருதி விட்டுவிடக் கூடாது.

பேட்டரியிலிருந்து கசியும் அமிலத்தால் செம்பு அரிக்கப்பட்டு நீலப்பச்சைப் படிவு உண்டாகிறது. இது கேபிளின் உறைக்குள்ளும் பரவுவதால், வெளியே சுரண்டிச் சுத்தம் செய்வது எப்போதும் போதாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, வெறும் 0.01 ஓம் தடைகூட 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும்; 12 வோல்ட் அமைப்பில் அது பெரிய இழப்பு. உப்புப் படிந்த குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் எளிதாகக் கிடைக்கும், தொட்டியை நிரப்பும்போதுதான் அடைப்பு தெரியும் என்பதைப் போல, விளக்கு எரிந்தும் எஞ்சின் சுழல மறுக்கலாம்.

புதிய கேபிள் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. விலை குறைந்தவற்றில் உறை மட்டுமே தடிமனாக இருப்பதுண்டு. கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். முறுக்கிய பின் மேலே சிறிது வாசலின் தடவலாம்.

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டால் பேட்டரி செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பேட்டரியோடு பழுதான கேபிள் இருந்தாலும் அதே ஓசைதான் வரும்.